வாடகைக்கு விட வீடு, தவணையில் மனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 29, கோவையில் வேலை, பிடித்தம் போக 55,000 ரூபாய் சம்பளம், சேமிப்பு 8 லட்சம். பத்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 40 லட்சத்துக்கு வருகிறது. வாடகை 12,000 கிடைக்குமாம். குறைகிற பணத்துக்கு பர்சனல் லோன் போட்டு வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கடன் தொகை 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆக உங்களுக்கு அதிகபட்சம் 32 லட்சம். மீதி 8 லட்சம்தான் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பத்திரச் செலவு இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம். 40 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 3.6 லட்சம். இந்தத் தொகையை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், அந்த நேரத்தில்தான் பர்சனல் லோன் ஞாபகம் வரும்.

சரி, போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 32 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 27,800. நான்கு லட்சம் பர்சனல் லோனுக்கு, 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் இன்னொரு 9,300. மொத்தம் 37,100, வருகிற வாடகையோ 12,000, அதிலும் சொத்துவரி, பராமரிப்பு, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழிய வேண்டும். அதோடு, பர்சனல் லோன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியும், எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் பொதுவாக வங்கிகள் வீட்டுக் கடனையே குறைத்துவிடும்.

வரி மிச்சமாகுமே என்பார்கள். புதிய வரி முறையில் இருந்தால், வாடகையை மிஞ்சிய வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம்.

என் யோசனை, இன்னும் இரண்டு வருடம் சேருங்கள், அல்லது சிறிய வீடாகப் பாருங்கள். சம்பாதிக்கும் மனைவியோ அப்பாவோ இருந்தால் கூட்டுக் கடனாகப் போடலாம். மாறும் வட்டியில் கடன் வாங்குங்கள், முன்கூட்டியே கட்டினால் தனிநபர்களுக்கு அபராதம் கிடையாது, போனஸை அசலில் போட்டுக்கொண்டே வரலாம்.

கேள்வி: புரோமோட்டரே வட்டியில்லாத் தவணையில் மனை தருகிறார். கடைசித் தவணைக்குப் பிறகுதான் பத்திரமாம். சேரலாமா?

பதில்: மொத்தப் பணத்தையும் இன்றே கொடுத்தால் என்ன விலை என்று அவரிடம் கேளுங்கள், காணாமல் போன வட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்! பத்திரம் ஆகிற வரைக்கும் மனை உங்களுடையது இல்லை, நடுவில் அவர் அதை அடமானம் வைத்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் வேண்டும், பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறுவதும் வருமான வரிச் சட்டப்படி தப்பு. வங்கியில் மனைக் கடன் கேட்டுப் பாருங்களேன், மதிப்பில் வீட்டுக்குத் தருவதை விடக் குறைந்த பங்குதான் கடனாகத் தருவார்கள், நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் கேட்பார்கள், ஆனால் அவர்களுடைய வக்கீல் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் குடைந்து பார்ப்பார். வங்கி மறுக்கிற மனையை நீங்களும் தொடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் 50,000தான் இருக்கிறது. கடன் வாங்காமல் ஏதாவது வழி?

பதில்: ரெய்ட். பலரிடம் பணம் திரட்டி அலுவலகம் போன்ற வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை இது, இதன் யூனிட்டுகள் பங்குச் சந்தையில் பட்டியலாகியிருக்கும். இந்தியாவில் எம்பசி என்ற ரெய்ட் 2019-ல் முதலில் வந்தது, 2021-லிருந்து ஒரு யூனிட் கூட வாங்கலாம். பங்குகளை வைத்திருக்க உதவும் டீமேட் கணக்கு போதும், வாடகை வருமானத்தில் ஒரு பகுதி உங்களுக்கு வரும். பங்கு மாதிரி விலை இறங்கவும் செய்யும், அதனால் அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.