ஜெல் மணி உண்மையில் எதனால் திறக்கிறது?

கேள்வி: டைக்ளோஃபினாக் சோடியம் என்ற வலி மருந்தை, கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பாலிமரின் ஜெல் மணிகளில் அடைத்தேன். 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் போட்டும் மருந்து வெளியே வரவில்லை. பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபருக்கு (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) மாற்றியதும் மணிகள் ஊதிக் கரைந்து, மருந்து முழுக்க வந்துவிட்டது. 'வயிற்றில் பூட்டி, குடலில் திறக்கும் மணி' என்று புராஜெக்ட் அறிக்கையில் எழுதலாமா?
– எம்.பார்ம் மாணவி, மதுரை

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். ஆல்ஜினேட் அமிலத்தில் இறுகுவது உண்மை. அதன் கார்பாக்சில் தொகுதிகளின் பிகேஏ (தொகுதிகளில் பாதி மின்சுமையோடு இருக்கும் பிஎச்) ஏறத்தாழ 3.4 முதல் 3.7 வரை, பிஎச் அதற்குக் கீழே போனால் அவை மின்சுமை இழந்து சங்கிலிகள் நெருங்கிவிடும். ஆனால் டைக்ளோஃபினாக்கின் பிகேஏயும் 4-க்குப் பக்கத்தில்தான். வயிற்று அமிலத்தில் அது அநேகமாகக் கரையாது. மணி பூட்டியதா, மருந்தே கரையாமல் கிடந்ததா என்று உங்கள் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. மணியில்லாமல் வெறும் மருந்துப் பொடியை அதே அமிலத்தில், 37 டிகிரியில் போட்டுப் பாருங்கள். அதிலும் அளவு பூஜ்யத்தை ஒட்டியே வந்தால், மணிக்குப் பெருமை சேர்க்க வழியில்லை.

இரண்டாவது பாதியில்தான் பெரிய பொறி இருக்கிறது. ஆல்ஜினேட்டைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டித்தான் மணி உருவாகிறது; அதைக் கட்டிப்பிடித்திருப்பது கால்சியம். பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக் கால்சியம் பாஸ்பேட்டாக மாற்றிவிடுகிறது. பஃபரிலுள்ள சோடியமும் கால்சியத்தின் இடத்தில் புகுந்துகொள்கிறது. ஆக, மணியைத் திறந்தது பிஎச் மட்டுமல்ல. இதைப் பிரித்துப் பார்க்க, பிஎச் 7.4-ல் ஒரு பாஸ்பேட் பஃபரும் பாஸ்பேட் இல்லாத ஒரு டிரிஸ் பஃபரும் தயாரியுங்கள். உப்பு சேர்த்து இரண்டிலும் சோடியத்தின் செறிவைச் சமமாக்குங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணிகளை எடுத்து, வடிதாளில் ஈரம் ஒற்றி, எடை பாருங்கள். கரைசலில் மருந்தின் அளவைக் காட்டும் 276 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீட்டை மட்டும் நம்பினால், மணி ஊதியதும் உடைந்ததும் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினை அதே ஆல்ஜினேட் முறையில் அடைத்தால் பாதிக்குமேல் கால்சியம் குளோரைடு கரைசலுக்கே போய்விடுகிறது. மணிகளும் வால் முளைத்து வருகின்றன.
– பி.பார்ம் மாணவர், நாமக்கல்

பதில்: ஜெல்லின் துளைகளோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் மிகச் சிறிய மூலக்கூறு, நீரில் தாராளமாகக் கரைவதும்கூட. மணி கரைசலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்து கசியும். 1 மணி நேரம் ஊறவிடாமல் 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கழுவுவதையும் ஒருமுறையோடு நிறுத்துங்கள். கரைசலிலும் கழுவிய நீரிலும் தங்கிய மருந்தை அளந்து, போட்ட அளவிலிருந்து கழித்தால் அடைபட்டது எவ்வளவு என்று தெரியும்.

வாலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆல்ஜினேட் பாகு கெட்டியாக இருப்பது, அல்லது ஊசி கரைசலுக்கு மிக அருகில் இருப்பது. 2 சதவீத ஆல்ஜினேட்டில் தொடங்குங்கள். ஊசி முனை கரைசலுக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே இருக்கட்டும். அதைவிட உயர்த்தினால் மணி தட்டையாகும். ஆல்ஜினேட்டைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்க வேண்டும். போர் தண்ணீரிலுள்ள கால்சியம், சொட்டுவதற்கு முன்பே பாகில் கட்டி கட்டியாக ஜெல்லை உண்டாக்கிவிடும்.

கேள்வி: புற்றுநோய் செல்லுக்குள் போய்ச் சிதையும் நானோஜெல்லை (நானோ அளவு ஜெல் துகள்) எப்படிச் சோதிப்பது?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: ஜெல்லின் சங்கிலிகளை இணைப்பது டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்களின் பிணைப்பு) குறுக்கிணைப்பு என்றால், அதை அறுக்கும் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறுதான் சாவி. செல்லுக்குள் அது 2 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும். ரத்த பிளாஸ்மாவில் சில மைக்ரோமோலார்தான். ஆகவே 10 மில்லிமோலாரிலும் 10 மைக்ரோமோலாரிலும் அருகருகே சோதியுங்கள். குளுட்டாதயோன் கரைசலை அன்றன்றைக்கே தயாரியுங்கள். காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமாகி வலுவிழக்கும். டைசல்ஃபைடு இல்லாத குறுக்கிணைப்பியால் செய்த ஜெல்லையும் கூடவே வையுங்கள். அது 10 மில்லிமோலாரிலும் அசையாமல் இருந்தால்தான், சிதைவுக்குக் காரணம் டைசல்ஃபைடு என்று உறுதியாகும். ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைக் காணும் டிஎல்எஸ் கருவியில் துகள் அளவோடு சிதறொளி எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். முதலில் துகள் ஊதும், பிறகுதான் எண்ணிக்கை சரியும். அளவு கூடியதைப் பார்த்தவுடனே சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இணைப்பு அறுந்த பிறகும் பாலிமர் சங்கிலிகள் மிஞ்சும். அவை சிறுநீரகம் வடிகட்டும் அளவுக்குச் சிறியவையா என்று மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜிபிசியில் மூலக்கூறு எடையைப் பார்த்துவிடுங்கள்.