பனிமூட்டத்தில் பொதிக்கதிர்: யூரியாவை நிறுத்துங்கள்

கேள்வி: இரண்டு ஏக்கரில் ஆந்திரா பொன்னி (பிபிடி 5204) ஐப்பசி முதல் வாரம் நட்டேன். இப்போது கதிர் வெளிவராமல் உறைக்குள்ளேயே பொதி கட்டி நிற்கிறது. ஒரு வாரமாக விடியற்காலையில் எதிர் வரப்பில் நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். இலைகளில் கண் போன்ற புள்ளிகள் வந்துள்ளன. பயிர் வெளிறித் தெரிவதால் யூரியா போடச் சொல்கிறார்கள். வரப்பில் வைக்கோல் கொளுத்தினால் பனி விலகும் என்கிறார்கள். பனி பயிருக்கு விஷம் என்பது உண்மையா? என்ன செய்யலாம்?
- விவசாயி, மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் குலைநோயைக் காட்டுகிறது. அந்த நோய் உள்ள வயலில் கதிர் வரும் நேரத்தில் யூரியாவிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) போட்டால், நோய்க்கு நீங்களே தீனி போட்டதாகிவிடும்.

பனி விஷம் இல்லை. அது வெறும் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டெல்டாவில் மண் முழுக்க ஈரம், வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் இரவு நீளம், வானம் தெளிவு, காற்றும் அடங்கிவிடுகிறது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்கு விட்டுவிடுவதால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க முடியாத நிலைக்கு வருகிறது. அப்போது அந்த நீராவி இலையிலும் புல்லிலும் படிந்தால் பனித்துளி. காற்றில் மிதக்கும் நுண்தூசிகளைப் பற்றிக்கொண்டு துளித்துளியாகத் தொங்கினால் பனிமூட்டம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வானிலைத் துறையினர் அதைப் பனிமூட்டம் என்று கணக்கிடுகிறார்கள்.

பயிருக்குக் கெடுதல் வருவது இலை ஈரமாக இருக்கும் நேரத்தால். இதைத்தான் எல்லா விவசாயிகளும் கவனிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். குலைநோய்ப் பூசணத்தின் வித்துகள் காற்றில் வந்து இலையில் விழுகின்றன. அவை முளைத்து இலைக்குள் நுழைய, சுமார் பத்து மணி நேரமாவது இலை தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்கு இன்னும் வசதி. நம் டெல்டாவில் சனவரி மாத இரவுகள் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கின்றன. சாதாரண நாளில் இரவு ஒன்பது மணிக்கு நனையும் இலை காலை ஏழரை மணிக்குள் காய்ந்துவிடும். மூட்டம் பத்து மணி வரை வெயிலை மறைத்தால் ஈரம் பதின்மூன்று மணி நேரம் நிற்கும். உங்கள் வயலில் ஒரு வாரமாக நடந்தது இதுதான். நாளை முதல் இலை எத்தனை மணிக்குக் காய்கிறது என்று தினமும் தொட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்த மருந்துக் கடையும் சொல்ல முடியாத செய்தியை அந்தக் குறிப்பு உங்களுக்குச் சொல்லும்.

புள்ளிகளையும் ஒருமுறை சரிபாருங்கள். இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் இருந்தால் குலைநோய். எள் போல உருண்ட பழுப்புப் புள்ளியாக இருந்தால் அது வேறு நோய், செம்புள்ளி. பிபிடி 5204 குலைநோயை எளிதில் வாங்கும் ரகம் என்பதால் எனக்குச் சந்தேகம் குறைவு.

இலையில் வந்தது பெரிய இழப்பு இல்லை. கதிரின் கழுத்தில் வருவதுதான் குடும்பத்தையே பாதிக்கும். கழுத்துக் கணு கறுத்து அழுகினால் மேலே பால் ஏறாது, கதிர் பதராகிவிடும். அதனால் பொதிப் பருவமாகிய இப்போதே ஏக்கருக்கு டிரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள் 200 கிராமை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். கதிர் பாதி வெளிவந்ததும் நிலைமையைப் பார்த்து, தேவையானால் அசாக்ஸிஸ்ட்ரோபின் 25 எஸ்சி என்ற திரவ மருந்து ஏக்கருக்கு 200 மில்லி. ஒரே மருந்தை இரண்டு முறையும் அடிக்க வேண்டாம். பூச்சிமருந்தையும் டானிக்கையும் அதில் கொட்டிக் கலக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு, கதிர் முற்றும் காலத்தில் மருந்தே வேண்டாம்.

தெளிக்கும் நேரம் மிக முக்கியம். பனி சொட்டும் இலையில் அடித்த மருந்து நீர்த்து வழிந்து சேற்றில்தான் போகும். காலைப் பனி முழுவதும் காய்ந்த பிறகோ, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இருட்டுவதற்குள் காய்ந்துவிடும்படியோ அடியுங்கள். கதிர் வந்த பிறகு பிற்பகல் மட்டுமே நல்லது, ஏனெனில் நெல் பூ பெரும்பாலும் முற்பகலில்தான் விரிகிறது. மூட்டமான நாளில் அது இன்னும் தாமதமாகும்.

பயிர் வெளிறியிருப்பதற்கு வெயில் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான்கு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும், பிறகு இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். ஈரத்தைக் குறைக்கிறேன் என்று வயல் தண்ணீரை வடித்துவிடாதீர்கள். காய்ந்து வாடிய பயிரில் குலைநோய் இன்னும் வேகமாக ஏறும்.

வைக்கோல் கொளுத்துவது நேர்மாறான வேலை. பனிமூட்டத்தின் துளிகள் பிடித்துக்கொள்ளத் தூசி வேண்டும் என்று மேலே சொன்னேன், புகை அதைத்தான் கூடை கூடையாகக் கொடுக்கிறது. 2018 போகியன்று, எரித்த புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் வரப்பு சாலையோரம் என்றால், அதிகாலையில் பால் கேனுடன் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அந்தப் புகை உயிராபத்து. மாட்டுக்குத் தீவனமும் போய்விடும்.

சில ஊர்களில் இரண்டு பேர் கயிறு பிடித்து இழுத்துப் பனியை உதறுகிறார்கள். நாற்றங்காலில் அது நல்ல வேலை. நோய் கண்ட, கதிர் பொதித்த வயலில் வேண்டாம். ஈர இலையில் நடமாடுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கதிர் வெளிவந்த பின் வெள்ளையாக ஒன்றிரண்டு தெரிந்தால் உடனே குலைநோய் என்று முடிவு செய்யாதீர்கள். இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் குருத்துப்பூச்சி. வராமல் கழுத்து மட்டும் கறுத்திருந்தால் குலைநோய்.

அறுவடையின்போதும் இயந்திரத்தைப் பனி காய்ந்த பிறகே இறக்குங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். காலை ஏழு மணிக்கு அறுத்த நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிக் காயவைக்க ஆள்கூலி தனியாகப் போகும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு உளுந்து தெளிக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நெல் அறுத்த தாளுக்கு நடுவில் நிற்கும் உளுந்துக்கு மண்ணில் மிஞ்சிய ஈரத்தோடு இதே பனிதான் துணை. ஆனால் இந்த வயலின் நெல்லை அடுத்த பருவத்துக்கு விதையாக எடுக்க வேண்டாம், குலைநோய் விதையோடும் வரும். வெளியில் வாங்கும் விதையையும் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து நேர்த்தி செய்த பிறகே நாற்று விடுங்கள்.