தண்டவாளத்துக் காசு

கேள்வி: கல்லூரி லீவுக்கு வந்திருக்கும் என் மகன் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ‘எஃப் ஷார்ப், ஏ ஷார்ப், இன்ஃபினிட்டி’ என்று ஏதோ ஒரு கனடா குழுவின் ஆல்பத்தைக் கேட்கிறான். பாடுகிறவரே இல்லை, இருபது நிமிடம் எழவு வீடு மாதிரி ஓலம். யாருக்கும் தெரியாத ஒரு குழு. சங்கீதம் பிறந்த தஞ்சாவூர் மண்ணில் இது தேவையா?
– ஒரு தகப்பனார், வலங்கைமான்

பதில்: பாடுகிறவர் இல்லை என்பதுதான் குறையென்றால், முதலில் உங்கள் ஊர் நாகஸ்வரத்தை அல்லவா நிறுத்தவேண்டும்? சுவாமி புறப்பாட்டில் வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசித்தபோது, ‘வார்த்தை எங்கே?’ என்று யாரும் எழுந்து போகவில்லை. இன்றைக்குக் கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்களில் நாகஸ்வரக்காரர் ஆலாபனையை ஆரம்பித்தால் நாம் பந்திக்கு ஓடுகிறோம். இல்லையென்றால் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்கிறோம். சங்கீதம் பிறந்த மண்தான், சரி. காது எங்கே போயிற்று?

உங்கள் மகன் கேட்பது காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் என்ற மான்ட்ரியல் குழு. இன்றைக்கு அவர்களைத் தெரியாதவர் நீங்களும் நானும்தான் (எனக்கும் போன வருஷம் அக்கா மகன் சொல்லித்தான் தெரியும்). 1997-இல் இந்த ஆல்பம் வந்தபோது மட்டும் நீங்கள் சொல்வது சரி: முதலில் போட்டதே 500 இசைத்தட்டுகள். ஒவ்வொரு உறைக்குள்ளும் சில தாள்களோடு, ரயில் ஏறி நசுங்கிய ஒரு செப்புக் காசு. நான் குத்தாலத்தில் வளர்ந்தவன். பத்துப் பைசாவைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, மாயவரம் வண்டி போனதும் ஓடிப்போய்ச் சுடச்சுடப் பொறுக்குவோம். பூ மாதிரி இருந்த விளிம்பு வழவழவென்று வெற்றிலையாகியிருக்கும். அந்தக் காசுக்காகவே இந்தக் குழுவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்த வகைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயர். 1994-இல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ராக் வாத்தியங்கள்தான். வேலை மட்டும் வேறு. இந்த ஆல்பத்தில் எடுத்த எடுப்பில் ஒரு ஆண் குரல் அழிந்துகொண்டிருக்கும் நகரத்தைப் பற்றிப் பேசுகிறது, பாடவில்லை. பின்னால் ஒத்து ஊதுவதுபோல ஒரே சுருதி நிற்க, கிட்டார் ரெண்டு மூன்று ஸ்வரங்களைச் சுற்றிச்சுற்றி வருகிறது. அப்புறம் வயலின், செல்லோ, டிரம்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. விளம்பத்தில், அதாவது மெதுவாகத் தொடங்கி மூன்று வேகத்தில் போகிற மல்லாரியைக் கேட்டவனுக்கு இந்த ஏற்றம் புதிதில்லை. நடுவில் ஓரிடத்தில் பேக்பைப் (தோல்பையில் காற்றை நிரப்பி ஊதுகிற வாத்தியம்) கூட வரும். அதற்கும் ஒத்து உண்டு.

எல்லாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இவர்களைப் பார்த்துக் கிளம்பிய குழுக்கள் பலவற்றில் எட்டாவது நிமிடம் டிரம்ஸ் இடிக்கும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டு நீங்கள் சலித்துக்கொண்டால் நானும் கூட வருவேன்.

இந்த இசைத்தட்டில் ஊசி ஓடுகிற கடைசிப் பள்ளம் வட்டமாக மூடியிருக்கும். ஊசியை நாமே எடுக்கிற வரை அந்த ஒலி முடியாது. இன்ஃபினிட்டி என்று பெயரில் இருப்பது சும்மா இல்லை. மகன் போனில்தானே கேட்கிறான், அங்கே அது தானாக முடிந்துவிடும், அதனால் கரண்ட் பில்லுக்குப் பயப்படவேண்டாம். ஹெட்போனில் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.