கழுத்து நீண்ட பூச்சி: ஆணின் வால்நுனியில் இனம் பார்ப்பது எப்படி?

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வாசல் விளக்குக்குக் கழுத்து நீண்ட பூச்சிகள் ஐந்தாறு வந்தன. ஸ்னேக்ஃப்ளை என்கிறார் நண்பர். ஆணின் உறுப்பைப் பார்த்தால்தான் இனம் பிரியுமாம். எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் முன்கால்களைப் பாருங்கள். ஸ்னேக்ஃப்ளைக்கு அவை சாதாரணக் கால்கள். கழுத்தின் பின்முனையில் இருக்கும். தலையை ஒட்டி, கும்பிடுபூச்சிக்கு இருப்பதுபோல் முள்ளோடு மடங்கிய கால்கள் இருந்தால் அது மேன்டிஸ்பிட். ஸ்னேக்ஃப்ளை குளிர்நாட்டுப் பூச்சி. இந்தியாவில் இமயமலையோடு சரி. ஆகவே கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் உங்களுக்குக் கிடைத்தது மேன்டிஸ்பிட்தான்.

நண்பர் சொன்ன முறை இதற்கும் பொருந்தும். உடல் அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள். இவற்றில் பலவற்றின் புழு சிலந்தியின் முட்டைப் பைக்குள் வளர்கிறது. பையில் முட்டை குறைவென்றால் பூச்சியும் சிறுத்துப்போகும். ஆணின் வால்நுனிக்குள் இருக்கும் கெட்டியான உறுப்புகளின் வடிவம் அப்படி எளிதில் மாறுவதில்லை.

பூச்சியை 75 சதவீத ஆல்கஹாலில் வைத்திருங்கள். வயிற்றின் கடைசி மூன்று நான்கு கண்டங்களை மட்டும் நுண்கத்தரியால் வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓரிரவு ஊறவிடுங்கள். தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம். மலைக்குளிரில் ஓரிரவு போதாமலும் போகும். அப்போது குப்பியைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தசை கரைந்து தோல் கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: கூடுதலாக ஊறினால் பழுப்பு நிறம் வெளுத்து, உறுப்பின் ஓரமே கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீரில் இருமுறை அலசுங்கள். இரண்டாம் முறை ஒரு சொட்டு வினிகர் சேருங்கள். பிறகு கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பழுப்பு வளைவொன்று தெரியும்: கோனார்க்கஸ். அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது மீடியங்கஸ். இவ்விரண்டின் நீளம், வளைவு, நுனி, கூடவே வெளியே இரு மடல்களாகத் தெரியும் எக்டோபிராக்ட் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மேலே கண்ணாடி வைத்து அழுத்தாதீர்கள். வளைவு விரிந்து வேறு இனம்போலக் காட்டும். கைக்குத் தடவும் சானிடைசர் ஜெல் ஒரு சொட்டில் பதித்தால் திருப்பிய பக்கமே நிற்கும். பக்கவாட்டில், அடியில், பின்னால் என எல்லா ஆண்களையும் ஒரே கோணங்களில் வரையுங்கள். ஓர் ஆணை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வெட்டிய நுனியைக் கிளிசரின் குப்பியில் போட்டு, பூச்சிக்கு உள்ள அதே எண்ணை எழுதுங்கள். எண் பிசகினால் இரண்டுமே வீண். சரணாலய எல்லைக்குள் பிடிப்பதானால் வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.