மணிக்கட்டோடு மணிக்கட்டு

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையில் வசிக்கும் முன்னாள் சர்க்கஸ் கலைஞர். பார் விளையாட்டில், அதாவது உயரத்தில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவும் வித்தையில், தாவி வருபவரைப் பிடிக்கும் ‘கேட்சர்’ ஆக இருந்தவர்.)

சர்க்கஸில் காதலித்துத் திருமணம் செய்துகொண்டீர்களாமே? அந்தக் கதையைச் சொல்லுங்களேன் ஐயா. – வாசகி, வத்தலக்குண்டு

ஆமாம்மா. அவள் தலச்சேரிக்காரி. 1901-ல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி ஆரம்பித்த ஊர் அது. அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய இருப்பார்கள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு மலையாளம் வராது.

பார் விளையாட்டில் நான் ஒரு ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குவேன். எதிர்ப்பாரிலிருந்து அவள் கையை விட்டு, கரணம் போட்டு வருவாள். உள்ளங்கையைப் பிடித்தால் வியர்வையில் வழுக்கிவிடும். அதனால் என் விரல்கள் அவள் மணிக்கட்டை வளைக்கும், அவள் விரல்கள் என் மணிக்கட்டை. தினமும் மூன்று காட்சி, காலையில் பயிற்சி வேறு. காய்ச்சல் அடித்தாலும் யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறிவிடுவாள். பிடித்த உடனே அந்தச் சூடு எனக்குத் தெரிந்துவிடும். எங்களுக்குள் முதலில் நடந்த பேச்சுவார்த்தை இதுதான்.

வலையில் விழுந்தால் அடிபடாது என்று நினைக்காதீர்கள். மல்லாந்து விழ வேண்டும். வேறு மாதிரி விழுந்தால் கயிறு தோலை உரித்துவிடும், எலும்பும் முறியும். ஒருநாள் சாயங்காலக் காட்சியில் அவள் தோளில் விழுந்தாள். பெண்கள் கூடாரப் பக்கம் ஆண்கள் தலைகாட்டக் கூடாது, கட்டுப்பாடு அப்படி. மெஸ்ஸில் சமைக்கும் அம்மாவைக் கெஞ்சி, தூக்குவாளியில் வெந்நீர் கொடுத்து ஒத்தடத்துக்கு அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே நேந்திரங்காய் வறுவல் இருந்தது. அப்புறம் என்ன, முடிவாகிவிட்டது.

1973 பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் கூடாரம். அங்கே இருந்தபோதுதான், ஒருநாள் விடியற்காலையில், திருஆவினன்குடி கோயிலில் தாலி கட்டினேன். அவள் வீட்டார் யாரும் வரவில்லை. என் அம்மா மட்டும் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். மதியம் ஒரு மணிக் காட்சிக்கு இருவரும் மேலே ஏறிவிட்டோம், லீவெல்லாம் கிடையாது. தாலிக்கயிறு எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அதைச் சுருட்டிக் கழுத்துக்குக் கீழே பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அந்தப் பிளாஸ்திரி என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். அவ்வளவு கெட்டியாக அதற்கு முன்னால் நான் யாரையும் பிடித்ததில்லை.

மழைக்காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? – வாசகர், உடுமலைப்பேட்டை

பட்ட கஷ்டத்திலேயே பெரிய கஷ்டம் அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காட்சி இல்லையென்றால் சம்பளமும் இல்லை, மெஸ் சாப்பாடு மட்டும். கூடாரத் துணி நனைந்தால் கனம் தாங்காது. ராத்திரி காற்று கிளம்பினால் விசில் அடிப்பார்கள். பபூனிலிருந்து பார் ஆடும் பெண்கள்வரை எல்லோரும் சேற்றில் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக் கூடாரத்தை இறக்க வேண்டும்.

ஒரு வருடம் நாகப்பட்டினம் பக்கம் விடாத மழை. சாப்பாடு கஞ்சியாகிவிட்டது. அப்போதும் யானைக்கும் சிங்கத்துக்கும் தீனி வைத்த பிறகுதான் எங்களுக்கு. வாயில்லா ஜீவனாயிற்றே, யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் மூத்தவள் அப்போது கைக்குழந்தை. கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. இரண்டு தகரப் பெட்டியை அடுக்கி, மேலே பலகை போட்டு அவளைக் கிடத்தினோம். ராத்திரி முழுக்க ஆளுக்கு ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மிருகங்களைத் தடை செய்ததால்தான் சர்க்கஸ் நொடித்தது என்கிறார்களே? – வாசகர், பழனி

1998-ல் மத்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டத் தடை போட்டது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூட்டம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் தடை சரி என்றே சொல்வேன். ரயில் வேகனில், திரும்பக்கூட இடமில்லாத கூண்டில், அவை ஊர் ஊராகப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

சின்ன வயதில் சர்க்கஸில் சேர்த்துவிட்ட பெற்றோர் மீது கோபம் இல்லையா? – வாசகி, ஒட்டன்சத்திரம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. உருளைக்கிழங்கு வெள்ளாமை கைவிட்ட வருடம். சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். கிடைத்தது. அப்பா மேல் கோபம் கிடையாது, அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் நடந்தது தப்பு. உடம்பு வளைய வேண்டும் என்று பிரம்பால் அடிப்பார்கள். எழுதப் படிக்க நான் கற்றதே கல்யாணத்துக்கு அப்புறம்தான். சர்க்கஸில் குழந்தைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இது ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

எங்கள் பெண்கள் இருவரையும் நாலு வயதிலேயே பூம்பாறைக்கு, என் அம்மாவிடம் அனுப்பிவிட்டோம். வருடத்துக்கு ஒருமுறை வருவோம். ஒருமுறை சின்னவள் எங்களைப் பார்த்ததும் அப்பத்தா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் அம்மா அன்று ராத்திரி தூங்கவே இல்லை. கூடவே கூட்டிப் போய்விடலாமா என்று கேட்டேன். ‘வேண்டாம், அவள் படிக்கட்டும்’ என்றாள். இப்போது பெரியவள் டீச்சர். சின்னவள் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.