ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் தராத கல்லூரிக்கு நீச்சலை நம்பிப் போகலாமா?

வணக்கம் சார்,

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மாநிலப் பதக்கம் வாங்கியிருக்கிறாள், அமெரிக்காவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் (கலை, அறிவியல் பாடங்களைக் கலந்து படிக்கும்) கல்லூரியில் முழு ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு ஸ்காலர்ஷிப்பே அந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் கிடையாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள் உண்டு. டிவியில் வரும் பெரிய பல்கலைக்கழக அணிகள் முதல் டிவிஷன். ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், கென்யன் போல 2,000 பேர் அளவில் படிக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் மூன்றாவது டிவிஷன். டேவிட்சன் போல முதல் டிவிஷனில் ஆடும் சின்னக் கல்லூரிகளும் சில இருக்கின்றன, ஆனால் அவை விதிவிலக்கு. மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி.

பணம் இல்லை என்றால் விளையாட்டும் சுமார்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒஹாயோ மாநிலத்தில் கேம்பியர் என்ற கிராமத்தில் இருக்கிறது கென்யன் கல்லூரி. அதன் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை மூன்றாவது டிவிஷன் சாம்பியன். பெண்கள் அணி 1984 முதல் 2000 வரை தொடர்ந்து 17 முறை. ஆண்கள் அணியின் அந்த ஓட்டத்தை 2011-இல் நிறுத்தியது அதே மாநிலத்தின் டெனிசன் பல்கலைக்கழகம், அதுவும் ஒரே ஒரு புள்ளியில்! மாநிலப் பதக்கம் இருக்கிறது, அதனால் அணியில் இடம் உறுதி என்ற கணக்கு அங்கே செல்லாது.

சரி, நீச்சலால் என்னதான் கிடைக்கும்? அட்மிஷனில் ஒரு தள்ளு கிடைக்கும். நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழுக்குத்தான் மதிப்பெண். அங்கே சான்றிதழை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கோச்சுக்கு இந்தப் பெண் அணிக்கு வேண்டும் என்று தோன்ற வேண்டும். தோன்றினால், பல கல்லூரிகளில் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அவளுடைய மதிப்பெண் பட்டியலை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே கருத்துக் கேட்பார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். அங்கிருந்து நல்ல பதில் வந்து கோச்சும் பெயர் சொல்லி ஆதரித்தால், ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே அது பெரிய பலம். ஆனால் முடிவு அட்மிஷன் அலுவலகத்துடையது. 'நீ வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி' என்று கோச் எழுதுவதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு ஏமாந்த குடும்பங்கள் உண்டு. 'அட்மிஷனில் எனக்கு ஆதரவு தருவீர்களா?' என்று அவள் நேராகவே கேட்கலாம். அவர்களுக்கு அது பழகிய கேள்விதான்.

கேட்க வேண்டியவள் அவள், நீங்கள் அல்ல. அப்பா எழுதும் மெயிலைப் பார்த்தால் கோச்சுகளுக்குச் சலிப்புதான் வரும். மெயிலில் அவளுடைய நேரங்கள், மதிப்பெண்கள், போட்டி வீடியோ, என்ன படிக்க ஆசை என்பது இருந்தால் போதும். இன்னொன்று: அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 யார்டு குளத்தில் நடக்கும், அதாவது 23 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேளச்சேரியில் 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தை கோச் மாற்றிக் கணக்கிட்டுக்கொள்வார். அங்கே திருப்பங்கள் அதிகம் என்பதால் டர்னும் நீருக்கடியிலான கிக்கும் நன்றாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

அடுத்தது பணம். இந்த வகைக் கல்லூரிகளில் பெயர்பெற்றவற்றில் தங்கும் செலவோடு சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டுகிறது. உதவி கிடைக்கும், ஆனால் அது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி. ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைக் கணக்கில் எடுக்காமல் அட்மிஷன் முடிவு செய்கின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில், எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் முடிவைப் பாதிக்கும். கென்யன், டெனிசன் போன்றவை படிப்புக்காக மெரிட் தொகை தருகின்றன. ஆம்ஹெர்ஸ்டிலும் வில்லியம்ஸிலும் அது கிடையாது.

பெரும்பாலான கோச்சுகள் ஏர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய முறையில் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். பொதுவாக நவம்பரில் கடைசித் தேதி வரும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். அதனால் ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் இருக்கும் செலவுக் கணிப்பானில் உங்கள் உண்மையான வருமானத்தைப் போட்டுப் பார்க்காமல் ஏர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடவே கூடாது. எல்லாக் கணிப்பானும் வெளிநாட்டினருக்குப் பொருந்தாது. அப்படியானால் நிதி உதவி அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

விளையாட்டுக்கு உதவித்தொகை இல்லை என்ற விதியில் உங்களுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. முதல் டிவிஷனில் ஸ்காலர்ஷிப் வாங்கும் பிள்ளை அணியை விட்டால் பணமும் போய்விடலாம். இங்கே தோளில் காயம் பட்டாலோ, இரண்டாம் ஆண்டில் லேப் வேலை அதிகமாகி நீச்சல் போதும் என்று அவளே நினைத்தாலோ, அணியை விட்டதற்காக உதவித்தொகையைக் குறைக்க முடியாது. அதனால்தான் கல்லூரிகளுக்குப் பட்டியல் போடும்போது நீச்சலை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்கிறேன். அப்போதும் அங்கே படிக்க அவளுக்கு ஆசை இருக்கிறதா?

அவளுக்கு இன்ஜினீயரிங் ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் இலக்கியம் மட்டும் இல்லை, இயற்பியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உண்டு. ஆனால் நேரடி இன்ஜினீயரிங் பட்டம் சில இடங்களில்தான். ஸ்வார்த்மோரில் உண்டு, அங்கே நீச்சல் அணியும் இருக்கிறது. கென்யனில் இல்லை. படிப்பு முடிந்தபின் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் 12 மாதம் வேலைப் பயிற்சிக்கு அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்றால் இன்னும் 24 மாதம் கேட்கலாம்.

முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் பரிசுத் தொகை வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள். வெளிநாட்டு மாணவர்கள் என்.சி.ஏ.ஏ தகுதி மையத்தில் அமெச்சூர் சான்று, அதாவது பணத்துக்காக விளையாடுபவர் அல்ல என்ற சான்று, வாங்க வேண்டும். அங்கே இந்தக் கேள்வி வரும். பரிசுப் பணம் எதற்குப் போனது என்று காட்ட, பயண, பயிற்சிச் செலவு ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் நீச்சல் நேரங்களும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன், ஆண்டுக்கு எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பேசி ஒரு தொகை சொல்லுங்கள். கடன் எவ்வளவு வாங்கத் தயார் என்பதையும் சேர்த்தே. கல்லூரிப் பட்டியலை அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க முடியும்.