1.022-இல் நின்றுபோன வாளி

கேள்வி: வணக்கம் அண்ணா. டொராண்டோவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஜனவரி தொடக்கத்தில் முதல் தடவையாக வீட்டில் பீர் காய்ச்சினேன். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சேர்த்த 1.7 கிலோ மால்ட் சாறு டப்பா இரண்டு, தண்ணீருடன் சேர்த்து மொத்தம் 23 லிட்டர். ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) தொடக்க அளவு 1.044. டப்பா மூடிக்குக் கீழே இருந்த ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைத் தூவி, நிலவறையில் தரையில் வைத்தேன். வீட்டுத் தெர்மோஸ்டாட்டில் 20 டிகிரி. இரண்டாம் நாள் நுரை பொங்கியது, நான்காம் நாள் குமிழி நின்றுவிட்டது. பத்தாம் நாள் அளந்தால் 1.022. ஒரு நண்பர் ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்கிறார். இன்னொருவர், குமிழி நின்றால் முடிந்தது, போத்தலில் அடைத்துவிடு என்கிறார். அம்மாவோ, கண் போய்விடும், கொட்டிவிடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூவர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம், தம்பி. உங்கள் பீர் கெட்டுப்போகவில்லை. ஈஸ்ட் குளிரில் சுருண்டு அடியில் படுத்திருக்கிறது என்பதுதான் என் ஊகம். அது ஊகமா உண்மையா என்று இரண்டு மூன்று நாளில் சோதித்துவிடலாம். அதுவரை சர்க்கரையும் வேண்டாம், போத்தலும் வேண்டாம்.

முதலில் அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் படித்த எந்தத் தாயும் இப்படித்தான் பயப்படுவார். அங்கே உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பார்லி மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது உண்டாவது எத்தனால். பீரில் மெத்தனால் இருந்தாலும் மிகச் சொற்பமே, கண்ணைக் கெடுக்கும் அளவில் இல்லை. காய்ச்சி வடித்தல் வேறு கதை. கனடாவில் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பீர் நொதிக்கவைக்க அங்கே தடையில்லை. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது அங்கே குற்றம். அவர்கள் இதைப் படிப்போடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வீட்டு பீரில் உண்மையாகவே ஆபத்தான பொருள் ஒன்று உண்டு. அது கண்ணாடி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குமிழியை நம்பியதுதான் உங்கள் முதல் பிழை. முதல் தடவை காய்ச்சும் எல்லோரும் செய்யும் பிழை, நானும் செய்தேன். ஏர்லாக் என்பது உள்ளே காற்று புகாமல் வாயுவை வெளியே விடும் ஒரு தண்ணீர்க் கதவு, அவ்வளவுதான். வாளி மூடியின் ரப்பர் விளிம்பு சரியாகப் பதியாவிட்டால், நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதே வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும், ஏர்லாக் அசையாது. மாறாக, எல்லாம் முடிந்த பிறகும் அறை கொஞ்சம் சூடானால் பீரில் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். இரு பக்கமும் பொய் சொல்லக்கூடிய சாட்சி அது. ஹைட்ரோமீட்டரைக் கேளுங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் எண் இறங்கும்.

ஹைட்ரோமீட்டரையும் ஒரு தடவை குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். மலிவான கருவிகளில் கண்ணாடிக்குள் இருக்கும் காகித அளவுகோல் சற்று நகர்ந்திருக்கலாம். பெரும்பாலானவை 20 டிகிரிக்காகச் செய்யப்பட்டவை. 20 டிகிரி சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், 1.000 காட்ட வேண்டும். 1.003 காட்டினால் எல்லா அளவிலிருந்தும் மூன்று புள்ளியை (0.003) கழியுங்கள். பீர் மாதிரியை அளக்கும்போது கருவியை விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும். 14 டிகிரி பீரில் அளந்திருந்தால் அதனாலும் ஒரு புள்ளி கூடும். இவையெல்லாம் சேர்ந்தாலும் 1.022 ஏதோ 1.018 ஆகுமே தவிர 1.012 ஆகாது. முழுக்க மால்ட் போட்ட உங்கள் பீர் 1.012 பக்கம் போய் நிற்க வேண்டும். ஆகவே அது பாதி வழியில் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தெர்மோஸ்டாட் மேல்மாடிச் சுவரில் இருக்கிறது, வாளி நிலவறையின் கான்கிரீட் தரையில் இருக்கிறது. ஜனவரியில் அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், விளங்கிவிடும். முதல் மூன்று நாள் ஈஸ்ட் கொண்டாட்டத்தில் இருந்தது. நொதித்தல் தானே வெப்பம் தரும், மும்முரமான நேரத்தில் பீர் சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகவே இருக்கும். வேகம் குறைந்ததும் அந்த வெப்பமும் குறையும், தரை மிச்சத்தை உறிஞ்சிவிடும். 19இல் ஓடிக்கொண்டிருந்த ஏல் ஈஸ்ட் (இதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகைக்கானது) ஒரே இரவில் 14க்கு இறங்கினால் வேலையை விட்டுவிட்டு வண்டலாகப் படிந்துவிடும். பனிக்காலத்தில் இட்லி மாவை ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கும் அம்மாவுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மாவை மேசைமேல் வைத்தால் மூன்று நாளானாலும் பொங்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பீரை ஓவனில் வைக்காதீர்கள். மாவுக்கு இதமான சூடு பீருக்கு அதிகம், ஈஸ்ட் தாறுமாறாக ஓடிச் சுவையைக் கெடுக்கும்.

இன்னொரு காரணமும் சந்தேகிக்கிறேன். இரண்டு டப்பா வாங்கினீர்கள், இரண்டு மூடிகளின் கீழும் பொட்டலம் இருந்திருக்கும். ஒன்றைத்தான் தூவியிருக்கிறீர்கள். லிட்டருக்கு அரை கிராம் உலர் ஈஸ்ட் என்பது ஏலுக்கு நல்ல கணக்கு. 23 லிட்டருக்கு 11 கிராம் வேண்டும். மூடிப் பொட்டலம் பெரும்பாலும் 7 கிராமோ அதற்கும் குறைவோதான், அதுவும் கடைத்தட்டில் எத்தனை மாதம் வெயில் காய்ந்ததோ. பாதி ஆள்களைக் குளிரில் நிறுத்தி முழு வேலை வாங்கப் பார்த்தீர்கள். (இரண்டு டப்பாவிலும் ஹாப்ஸ் இருந்ததால் கசப்பும் இரட்டிப்பாகத்தான் இருக்கும். அது இன்னொரு நாள் பேச்சு.)

மிஞ்சிய பொட்டலத்தை எறிந்துவிடவில்லையே? அதுதான் இப்போது உங்களுக்குச் சோதனைக்கூடம். வாளியிலிருந்து கால் லிட்டர் பீர் எடுத்து, கொதிநீரில் கழுவிய போத்தலில் ஊற்றி, அந்த ஈஸ்ட்டில் அரைத் தேக்கரண்டி போடுங்கள். இவ்வளவு சிறிய அளவுக்கு இது அநியாயமான அளவு, வேண்டுமென்றே செய்வது. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, சமையலறையில் 25 டிகிரி அளவில் இதமான இடத்தில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அளந்து பாருங்கள். சுவையைப் பார்க்காதீர்கள், இது குடிப்பதற்கல்ல.

மாதிரி 1.012 பக்கம் இறங்கிவிட்டால், பீரில் தின்னக்கூடிய சர்க்கரை இன்னும் இருக்கிறது, வாளியின் ஈஸ்ட்தான் அயர்ந்துவிட்டது என்று பொருள். மாதிரியும் 1.020இலேயே நின்றுவிட்டால், எஞ்சியிருப்பது ஈஸ்ட்டால் உடைக்க முடியாத டெக்ஸ்ட்ரின். டப்பா மால்ட் சாற்றில் இது நடப்பதுண்டு. வீட்டில் காய்ச்சுபவர்கள் 1.020 சாபம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் பீர் முடிந்துவிட்டது, கொஞ்சம் கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும். அதை மாற்ற என்சைம் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் உடைத்துப் பீரைத் தண்ணீராக்கிவிடும்.

சோதனை நடக்கும்போதே வாளியையும் கவனியுங்கள். தரையிலிருந்து தூக்கி, மரப்பலகைமேல், வீட்டின் உள்சுவர் ஓரமாக மேல்மாடியில் வையுங்கள். இடமில்லையென்றால் பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி வாளியை அதில் இறக்கி, மீன்தொட்டிக்குப் போடும் சிறிய ஹீட்டரை அந்த வெளித்தண்ணீரில் போடுங்கள். நான் இருபது டாலருக்குள் வாங்கியது பல குளிர்காலம் உழைத்தது. வாளியின் பக்கத்தில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை ஒன்று வாங்குங்கள். இனி அது காட்டுவதுதான் வெப்பநிலை, சுவர் காட்டுவதல்ல. 20, 21 டிகிரிக்கு ஒரு நாள் எடுத்து மெதுவாக உயர்த்துங்கள். பிறகு மூடியைத் திறக்காமல் வாளியைச் சாய்த்து மெல்லச் சுழற்றி அடிவண்டலைக் கிளப்பிவிடுங்கள். கரண்டி போட்டுக் கலக்காதீர்கள். தொடக்கத்தில் ஈஸ்ட்டுக்குப் பிராணவாயு தேவை, இந்தக் கட்டத்தில் அது பீருக்கு எதிரி. இரண்டு வாரத்தில் ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும்.

நாலைந்து நாளில் பெரும்பாலும் இறங்கத் தொடங்கும். அசையவே இல்லை, ஆனால் சோதனை மாதிரி இறங்கிவிட்டது என்றால்தான் புது ஈஸ்ட். அதையும் உலர்ந்தபடி தூவினால் ஏற்கெனவே மூன்று சதவீத ஆல்கஹால் உள்ள, சத்து தீர்ந்த பீரில் கண் விழிக்கவே திணறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடியைக் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு ஆற்றி, புதிய 11 கிராம் பொட்டலத்தைப் போடுங்கள். அது நுரைத்துப் பொங்கி ஓட்டத்தில் இருக்கும்போது அப்படியே வாளியில் ஊற்றுங்கள். ஓடுகிற ஈஸ்ட்தான் படுத்த பீரை எழுப்பும்.

சர்க்கரை போடச் சொன்ன நண்பருக்கு: தூங்குபவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்து என்ன பயன்?

போத்தலில் அடைக்கச் சொன்னவர்தான் உண்மையில் அபாயகரமான நண்பர். கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு. போத்தலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் போடுகிறோம், ஏற்கெனவே கரைந்திருப்பதோடு சேர்ந்து இரண்டேகால், இரண்டரை லிட்டர் வாயு. இது சாதாரண பீரின் அளவு. ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு புள்ளி இறக்கமும் இன்னொரு அரை லிட்டர். 1.022இல் அடைத்த போத்தல் மேசைமேல் சூடேறி 1.012க்கு இறங்கினால் கூடுதலாக ஐந்து லிட்டர், மொத்தம் ஏழுக்கு மேல். தடித்த ஷாம்பேன் போத்தலுக்குள்ளேயே ஆறு அளவில்தான் இருக்கும். என் இரண்டாவது பீரை இப்படித்தான் அவசரப்பட்டு அடைத்தேன். மார்ச் மாதத்தில் ஒரு நள்ளிரவு மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியில் ஆறு போத்தல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கண்ணாடிச் சில்லுகளைப் பலகையிலிருந்து குறடு வைத்துப் பிடுங்கினேன். பகலில் யாராவது அந்தக் கதவைத் திறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் பிடிக்கவில்லை.

ஆகவே மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து ஒரே எண் வர வேண்டும், அந்த எண் சோதனை மாதிரியின் எண்ணிலிருந்து இரண்டு புள்ளிக்குள் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மட்டும் அடையுங்கள். அதற்கு முன் முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வாசம் அடித்தால் அது டயசெட்டில், பச்சை ஆப்பிள் வாசம் என்றால் அசிட்டால்டிகைடு. பாதியில் நின்ற பீரில் இரண்டும் வரக்கூடும், இரண்டையும் ஈஸ்ட்டே திரும்பத் தின்று தீர்த்துவிடும். 21 டிகிரியில் இன்னும் நான்கு நாள் விடுங்கள். வினிகர் வாசமோ மேலே தோல் போன்ற படலமோ இருந்தால்தான் கிருமி புகுந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டும்.

23 லிட்டருக்கு 140 கிராம் சர்க்கரையை ஒரு கோப்பை தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆற்றிக் கலந்து அடையுங்கள். அடைக்கும்போது கண்ணாடிப் போத்தல்களோடு சோடா வரும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலும் நிரப்பி, பிழிந்து காற்றை வெளியேற்றி மூடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் 20 டிகிரியில் வைத்து, தினமும் அந்த ஒன்றை மட்டும் விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் கடையில் வாங்கிய சோடா போத்தல்போல் இறுகினால் சரியான நேரம், ஒன்றிரண்டைக் குளிரவைத்துத் திறக்கலாம். மூன்றே நாளில் கல்லாக இறுகிவிட்டால், தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அன்றே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, துணி போர்த்தி ஒவ்வொன்றாக மூடியை நெம்புங்கள்.